பங்குகளைச் சேர்க்கிறார்கள்... சின்ன உறுப்பினர் என்ன ஆவார்?

வாசகர் கேள்வி - பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிலக்கடலையில் சுருள்பூச்சி பற்றித்தான். அவற்றுக்கு அடுத்த இதழில் மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். இப்போது மூன்று கடிதங்களை முன்னால் எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் பயிரைப் பற்றியவை அல்ல, பங்கைப் பற்றியவை. முதல் கடிதத்தை எழுதியவருக்குப் பொதுக்குழு நெருங்கிவிட்டது. காத்திருந்தால் பதில் பயன்படாது.

கேள்வி: ஐயா, நான் விழுப்புரம் மாவட்டம். எங்கள் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் 840 பேர் உறுப்பினர். ஒரு பங்கு 10 ரூபாய். நான் 100 பங்கு, அதாவது 1,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். என் மாமியார் மகளிர் குழுவில் சேமித்ததை எடுத்துத் தவணையாக 400 ரூபாய் கட்டினார். அவருக்கு 40 பங்கு. இப்போது பங்குகளை ஒருங்கிணைக்கப் போகிறோம், 100 பழைய பங்குக்கு 1 புதிய பங்கு என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. "அப்ப அத்தைக்கு என்ன வரும்?" என்று அலுவலகத்தில் கேட்டேன். "100 இல்லாதவங்களுக்குப் போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுவோம். ஒரு பைசா நஷ்டம் இல்லை" என்றார்கள். நஷ்டம் இல்லை என்பது சரியா?

பதில்: சரியில்லை அம்மா. எங்கே நஷ்டம் என்று பார்ப்பதற்கு முன், பங்கு ஒருங்கிணைப்பு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

களத்தில் ஒரு நெல் அம்பாரம் கிடக்கிறது. அதைப் படியால் அளக்கலாம், மரக்காலாலும் அளக்கலாம். எட்டுப் படி ஒரு மரக்கால் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் ஊர் மரக்கால் வேறாக இருக்கலாம். அதற்காகக் கடிதம் போட வேண்டாம்.) 80 படி என்றாலும் 10 மரக்கால் என்றாலும் நெல் ஒன்றுதான், ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பங்கு ஒருங்கிணைப்பும் இவ்வளவுதான். பத்து ரூபாய்ப் பங்கு நூறைச் சேர்த்து ஆயிரம் ரூபாய்ப் பங்கு ஒன்றாக எழுதுகிறார்கள். உங்கள் 100 பங்கு 1 பங்காகும், மதிப்பு அதே 1,000 ரூபாய். கம்பெனிக்குப் புதிதாக ஒரு ரூபாய்கூட வராது.

ஆனால் ஐந்து படி நெல் மட்டும் வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார். இனி மரக்கால் கணக்கு மட்டுமே, படிக்கணக்கு கிடையாது என்று சொன்னால் அவர் நெல் எந்தக் கணக்கிலும் ஏறாது. உங்கள் மாமியாரின் 40 பங்கு, புதிய கணக்கில் 0.4 பங்கு. கம்பெனிச் சட்டத்தில் 0.4 பங்கு வைத்திருக்கும் உறுப்பினர் என்று ஒருவர் கிடையாது. அந்தத் துண்டை யாராவது வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க வேண்டும். பணம் கையில் வந்த அன்றே உறுப்பினர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் போய்விடும்.

நஷ்டம் இங்கேதான். நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த ஐந்தொகை நகலைப் பார்த்தேன். செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் 6 லட்சம், காப்பு நிதி 9 லட்சம். ஆகவே 60,000 பங்குகளுக்குப் பின்னால் 15 லட்சம் இருக்கிறது. ஒரு பத்து ரூபாய்ப் பங்குக்குப் பின்னால் 25 ரூபாய். மாமியாரின் 40 பங்குக்குப் பின்னால் 1,000 ரூபாய் நிற்கிறது. அவரிடம் 400-ஐக் கொடுத்து நஷ்டம் இல்லை என்கிறார்கள்.

இதற்கு கம்பெனிக்காரர்கள் ஒரு பதில் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. உற்பத்தியாளர் கம்பெனியில் பங்கை வெளிச்சந்தையில் விற்க முடியாது. இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு, செயல்படும் இன்னொரு உறுப்பினருக்கு முகமதிப்புக்குத்தான் மாற்றலாம். நீங்களே நாளைக்கு வெளியேறினாலும் 1,000 கட்டியதற்கு 1,000-தான் வரும், 2,500 வராது. (பங்கு விலை ஏறும், வாங்கிப் போடுங்கள் என்று சொல்லி யாராவது உற்பத்தியாளர் கம்பெனிப் பங்கை விற்க வந்தால், அவரை நம்பாதீர்கள்.) ஆனால் நீங்களாக வெளியேறுவதும் உங்களை வெளியேற்றுவதும் ஒன்றல்ல. உள்ளே இருப்பவருக்கு அந்த 9 லட்சம் பல வழியில் பயன்படுகிறது. பொதுக்குழு தீர்மானித்தால் காப்பு நிதியிலிருந்து போனஸ் பங்கு தரலாம். கம்பெனிக்குக் கடலை போட்ட அளவுக்கு ஏற்ப ஆண்டு முடிவில் ஆதரவு ஊக்கத்தொகை உண்டு. விதை, உரம், செக்கு வாடகை எல்லாவற்றுக்கும் உறுப்பினர் விலை உண்டு. வெளியே போனவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2017-18-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 சிறு குறு விவசாயிகள் சேர்ந்த ஒவ்வொரு உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கும் 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி கொடுத்தார்கள். 2020-இல் வந்த மத்திய அரசின் 10,000 உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தில், உறுப்பினர் கட்டிய பங்குக்கு ஈடாக ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு கம்பெனிக்கு மொத்தம் 15 லட்சம் வரை பங்கு மானியம் உண்டு. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் இருக்க வேண்டும் என்பதும் அதில் நிபந்தனை. இப்படி அரசு தருவதெல்லாம் தலையை எண்ணித்தான். எண்ணும்போது உங்கள் மாமியாரும் ஒரு தலை. எண்ணி முடித்த பிறகு 0.4 தலை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை நான் கொஞ்சம் சூடாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில் இப்படி ஒரு கம்பெனி தொடங்கினார்கள். சாயங்காலம் ஊர் ஊராகப் போய் உறுப்பினர் சேர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. "ஆயிரம் ஒரேயடியா வேணாம், இருக்கறதைக் கட்டுங்க, மிச்சத்தை அறுவடையில பார்த்துக்கலாம்" என்று சொன்னவன் நான்தான். 200, 300 என்று கட்டிச் சேர்ந்தார்கள். பின்னால் அந்தக் கம்பெனியில் இதே ஒருங்கிணைப்புத் தீர்மானம் வந்தது. அன்று மேடையில் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பொருளாக வாசித்தார்கள், சாப்பாட்டு நேரம் வேறு. ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, "சார், என் அரைப் பங்கை யாரோட சேப்பீங்க?" என்று கேட்டார். கூட்டத்தில் சிரித்தார்கள். கைதட்டித் தீர்மானம் நிறைவேறியது. நான் வாயைத் திறக்கவில்லை. அது கம்பெனி விஷயம், வேளாண்மைத் துறை ஏன் தலையிட வேண்டும் என்று அப்போது நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து 200, 300 ரூபாய்க்குக் காசோலைகள் போயின. அடுத்த பட்டத்தில் விதை வாங்க வந்த ஒரு அம்மாவிடம் உறுப்பினர் அட்டை செல்லாது என்று சொல்லி வெளி விலை வாங்கினார்கள். அந்த அம்மா காசோலையை வங்கியில் போடவே இல்லை. பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். மூன்று மாதக் கெடு தாண்டி அது செல்லாமல் போயிருந்தது.

ஆகவே இப்போது என்ன செய்யலாம் என்பதை மட்டுமாவது தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பங்குகளைச் சேர்த்துப் பெரிய பங்காக்க கம்பெனிகள் சட்டம் 2013-இன் 61-ஆவது பிரிவு இடம் தருகிறது. உள்விதியில் அதற்கு அனுமதி இருக்க வேண்டும், பொதுக்குழுவில் தீர்மானம் வேண்டும். இவற்றோடு அந்தப் பிரிவிலேயே ஒரு கடிவாளமும் உண்டு. ஒருங்கிணைப்பால் பங்குதாரர்களின் வாக்கு விகிதம் மாறும் என்றால், தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தராமல் அது நடைமுறைக்கு வராது. நமக்கு அந்தத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருக்கிறது.

சாதாரணக் கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு. எல்லோருடைய பங்கும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் வாக்கு விகிதம் பெரும்பாலும் மாறாது. தனி விவசாயிகள் மட்டுமே உறுப்பினராக இருக்கும் உற்பத்தியாளர் கம்பெனி அப்படியல்ல. அங்கே ஆளுக்கு ஒரு வாக்கு. 10 பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்று, 1,000 வைத்திருப்பவருக்கும் ஒன்று. உங்கள் கம்பெனியில் 100-க்குக் குறைவாக வைத்திருப்பவர்கள் பலர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் போனால் 840 வாக்கு குறைந்துவிடுகிறது. வாக்கு விகிதம் மாறாமல் இது எப்படி நடக்கும்? என் வாசிப்பில் இது தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டிய விஷயம். நான் வேளாண்மை படித்தவன், வழக்கறிஞன் அல்ல. அதனால் என் பெயரைச் சொல்லி வாதாட வேண்டாம். "வாக்கு விகிதம் மாறாது என்று கம்பெனிச் செயலர் ஒருவர் கையெழுத்திட்ட கருத்தைப் பொதுக்குழுவில் வையுங்கள்" என்று எழுத்து மூலம் கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கடிதம் ஒன்றே தீர்மானத்தை நிறுத்தி யோசிக்க வைத்துவிடும்.

பொதுக்குழுவுக்கு 14 நாளுக்குக் குறையாமல் நோட்டீஸ் வர வேண்டும். உறுப்பினரில் கால்வாசிப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். உள்விதியில் அதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அதன்படி. உங்கள் கம்பெனிக்கு 210 பேர். வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று கூட்டம் தொடங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன உறுப்பினர் எல்லோரும் தவறாமல் வந்து உட்கார்ந்தாலே அவர்கள் குரல் கேட்கும். கூட்டம் அவசரமாக முடிந்து போனால், வாக்குரிமை உள்ள உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர், உங்கள் கணக்கில் 280 பேர், கையெழுத்துப் போட்டுச் சிறப்புப் பொதுக்குழு கூட்டச் சொல்லிக் கேட்கலாம்.

சரி, கம்பெனி எதற்காக இதைச் செய்கிறது என்பதையும் விசாரியுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஓரிடத்தில் ஒருங்கிணைப்பு என்கிறீர்கள், இன்னோரிடத்தில் "ஆளுக்கு இன்னும் 1,000 கட்டச் சொல்கிறார்கள்" என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. கூடுதல் பணம் கேட்பது புதிய பங்கு வெளியீடு. அதில் தப்பே இல்லை. மூலதனம் இல்லாமல் கம்பெனி கடலை வாங்க முடியாது, வியாபாரியிடம்தான் கடன் வாங்கும். ஒருவர் குறைந்தது இத்தனை பங்கு வைத்திருக்க வேண்டும் என்று விதியை மாற்றுவது மூன்றாவது ரகம். அது உள்விதித் திருத்தம். தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநரில் மூன்றில் இரண்டு பேராவது, அல்லது உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினராவது முன்மொழிய வேண்டும். பிறகு சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது எதிர்ப்பு வாக்கைப் போல மூன்று மடங்காவது ஆதரவு விழ வேண்டும். நான்காவது ஒன்றும் உண்டு, மூலதனக் குறைப்பு. நஷ்டத்தைக் கழிக்கப் பங்கின் மதிப்பையே வெட்டுவது. அதற்குத் தீர்ப்பாயம் போயே ஆக வேண்டும். இந்த நான்கில் எது என்பது நோட்டீஸில் எழுதிய வாசகத்தைப் பார்த்தால்தான் தெரியும். மேடையில் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பதிவேட்டு வேலை குறையும், சான்றிதழ் அச்சடிக்கும் செலவு மிச்சம் என்பதுதான் காரணம் என்றால், என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உற்பத்தியாளர் கம்பெனிக்கு ஒருங்கிணைப்பு தேவையே இல்லை. பங்குச்சந்தையில் விலை குறிக்கப்படாத கம்பெனியில் பங்கின் எண்ணிக்கை அதிகமாக இருப்பதால் யாருக்கும் கெடுதல் கிடையாது. கணக்கருக்கு வேலை குறையட்டும் என்று இத்தனை குடும்பங்களை வெளியே அனுப்ப முடியுமா?

செய்தே தீர வேண்டும் என்றால் யாரும் விழாத விகிதம் ஒன்று உண்டு. உங்கள் ஊரில் இருப்பதிலேயே சின்னப் பங்குதாரர் யார் என்று பதிவேட்டில் பாருங்கள். அவரிடம் 10 பங்கு இருக்கிறது, எல்லோரும் நூறு நூறாகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்றால், 10 பழைய பங்குக்கு 1 புதிய பங்கு என்று வைக்கலாம். மாமியாருக்கு 100 ரூபாய்ப் பங்கு நான்கு வரும். அவரும் இருப்பார், வாக்கும் இருக்கும். இல்லையென்றால், தீர்மானத்துக்கு முன் ஓராண்டு அவகாசம் கொடுத்து, குறைபவர்கள் மீதிப் பங்கை முகமதிப்பில் வாங்கி நிரப்பலாம். ஆதரவு ஊக்கத்தொகையைப் பணமாக இல்லாமல் பங்காகவும் தரச் சட்டத்தில் வழி இருக்கிறது. இரண்டு பட்டம் கடலை போட்டவருக்கு அதிலேயே பெரும்பகுதி நிரம்பிவிடலாம்.

ஒரு யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். "ஒரே வீடுதானே, அத்தை பங்கை மருமகள் பேருக்கு மாத்திடுங்க" என்பார்கள். மாற்றினால் உங்களுக்கு 140 பங்கு ஆகும். அதில் 100-க்கு 1 வரும், 40 மறுபடியும் தொங்கும். வீட்டில் இருந்த இரண்டு வாக்கு ஒன்றாகிவிடும். மாமியாரின் பெயர் மாமியாரின் பெயராகவே இருக்கட்டும். வாரிசு நியமனம் மட்டும் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். உறுப்பினரான மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார்கள்.

கேள்வி: என் தகப்பனார் 1995-இல் ஒரு கம்பெனியில் 100 பங்கு வாங்கியிருந்தார். தகப்பனார் தவறிவிட்டார். 8 பங்குக்கு 1 பங்கு என்று ஒருங்கிணைத்ததாகக் கம்பெனியிலிருந்து பழைய விலாசத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. பத்திரம் பீரோவில் இருக்கிறது. பணம் போய்விட்டதா? (தர்மபுரி வாசகர்)

பதில்: அந்தக் காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இறால் பண்ணை, தேக்குத் தோட்டம், பூப்பண்ணை என்று புதுப்புதுக் கம்பெனிகள் பங்கு விற்றன. கிராமத்து ஆசிரியர்களும் கொஞ்சம் வசதியான விவசாயிகளும் விண்ணப்பம் பூர்த்தி செய்து அனுப்பினார்கள். அவற்றில் பல இன்று இல்லை. உங்கள் தகப்பனார் போட்டது இன்னும் கடிதம் போடும் அளவுக்காவது உயிரோடு இருக்கிறதே!

100-ஐ 8-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. 12 முழுப் பங்கு உங்கள் குடும்பத்துக்கு உரியது. அரைப் பங்கு போன்ற துண்டுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, கம்பெனி நியமிக்கும் ஒருவர் சந்தையில் விற்று, அவரவர் துண்டுக்கு ஏற்பப் பணம் அனுப்புவது வழக்கம். பழைய பங்கு 3 ரூபாய்க்கு விற்றது என்றால் புதியது ஏறக்குறைய 24 ரூபாய், உங்கள் அரைக்கு 12 ரூபாய். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

முதல் கடிதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அங்கே துண்டு விழுந்தால் உறுப்பினர் உரிமையே போகிறது. இங்கே துண்டு 12 ரூபாய். இங்கே ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பீரோவில் இருக்கும் பத்திரம் இனி பழைய பங்கைத்தான் காட்டும். 2019 ஏப்ரல் 1 முதல், பட்டியலிட்ட கம்பெனிகளின் காகிதப் பங்கை விற்றுப் பெயர் மாற்ற முடியாது. இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுக்கு மாற்றுவது மட்டும் நடக்கும், அதன் பிறகு டிமேட் கணக்கில்தான் பங்கு ஏறும். கம்பெனிக் கடிதத்தின் அடியில் பங்குப் பதிவாளர் என்று ஒரு நிறுவனத்தின் விலாசம் இருக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் பான் அட்டை, வங்கி விவரம் இவற்றோடு அந்த விலாசத்துக்கு எழுதுங்கள். நடுவில் ஒரு முகவரை வைத்து பாதிக்குப் பாதி பேசாதீர்கள். 12 பங்கில் ஆறு போய்விடும்.

ஈவுத்தொகை தொடர்ந்து ஏழு ஆண்டு வாங்கப்படாமல் கிடந்திருந்தால், பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அது மத்திய அரசிடம் இருக்கும் நிதி. போனது போனதுதான் என்று விட்டுவிட வேண்டியதில்லை. ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவத்தில் கேட்டுத் திரும்ப வாங்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் கிடைக்கும்.

கேள்வி: சார், நான் ஈரோடு. செல்போனில் ஷேர் வாங்குகிறேன். ஒரு சின்னக் கம்பெனி ஷேர் 2 ரூபாயில் இருக்கிறது. 10 ஷேரை 1 ஆக்கப் போகிறார்கள், 20 ரூபாய் ஆகிவிடும், இப்போதே வாங்கு என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். மஞ்சள் விற்ற பணம் கையில் இருக்கிறது.

பதில்: தம்பி, முதல் பதிலில் உள்ள படி, மரக்கால் கணக்கை இன்னொரு தடவை படியுங்கள். 20 ரூபாய் ஆகும்போது உங்களிடம் இருக்கும் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகும். 1,000 பங்கு 2 ரூபாய் வீதம் 2,000. 100 பங்கு 20 ரூபாய் வீதம் அதே 2,000. உங்களிடம் 1,005 பங்கு இருந்தால், கடைசி 5 பங்கு துண்டாகிப் பணமாக வரும். அவ்வளவுதான் மாற்றம்.

சின்னக் கம்பெனிகள் இதைச் செய்வதற்குக் காரணம், ஒன்று இரண்டு ரூபாய்ப் பங்கு என்றால் சந்தையில் மதிப்பு இருக்காது. 2 ரூபாய்ப் பங்கு 10 பைசா அசைந்தாலே 5 சதவீதம், அதனால் சூதாட்டம் போல ஆகிவிடும். அதை மாற்ற நினைப்பது தப்பில்லை. ஆனால் பங்கு ஏன் 2 ரூபாய்க்கு இறங்கியது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. லாபம் இல்லாமல் இறங்கியிருந்தால், அளக்கும் படியை மாற்றியதால் லாபம் வராது. 20 ரூபாய் என்று பார்க்கப் புதிதாக இருக்கும், அங்கிருந்து மறுபடி இறங்க இடமும் நிறைய இருக்கும்.

பெரிய கம்பெனி ஒன்றின் கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் சிட்டிகுரூப் வங்கி 2011 மே மாதம் 10 பங்கை 1 ஆக்கியது. சுமார் 2,900 கோடிப் பங்கு 290 கோடி ஆனது. விலை நாலரை டாலரிலிருந்து ஒரே நாளில் 45 டாலர் பக்கம் போய் நின்றது. 2007 தொடக்கத்தில் அதே பங்கு 50 டாலருக்கு மேல் விற்றது. 2011-இல் விலைப்பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு, பழைய விலைக்குக் கிட்டே வந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் 2007-இல் 50 டாலருக்கு 100 பங்கு வாங்கியவர் போட்டது 5,000 டாலர். ஒருங்கிணைப்புக்குப் பின் அவரிடம் இருந்தது 10 பங்கு, மதிப்பு 450 டாலர். செல்போனில் பழைய விலைப் படம் பார்க்கும்போது, ஒருங்கிணைப்புக்கு ஏற்பத் திருத்திய படமா என்று பாருங்கள். திருத்தாத படத்தைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

ஏற்கெனவே அந்தப் பங்கு வைத்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். டிமேட் கணக்கில் பழைய எண் போய்ப் புதிய எண்ணில் தானாக மாறும். நடுவில் சில நாள் விற்க முடியாது, கணக்கில் பங்கே காணோம் என்று பயந்துவிடாதீர்கள். மஞ்சள் பணத்தைப் பொறுத்தவரை, அடுத்த பட்டத்துக்கு விதை மஞ்சளும் தொழு உரமும் வாங்கிய பிறகு மிச்சம் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள், பிறகு பேசலாம்.

வாசகர்களுக்கு: பங்குச் சான்றிதழ், நோட்டீஸ், ஐந்தொகை எதுவானாலும் நகல் எடுத்து அனுப்புங்கள். இந்த முறை ஒருவர் அசல் சான்றிதழையே உறையில் போட்டு அனுப்பிவிட்டார். பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததும் ஒரு அட்டை போடவும்.